பெரிய வீட்டுச் சரிவில் மூட்டம்

போடியிலிருந்து குரங்கணிக்கு ஏறுகிற சாலையில், பெரிய வீட்டாரின் சரிவில், ஒரே ஒரு வரிசைத் திராட்சைக் கொடியின் மேல் மட்டும் சித்திரை மாதத்து உச்சிவெயிலில் பனிமூட்டம் இறங்கி நின்றது. இடுப்பு உயரம் இருந்தது. வரிசையின் கீழ்முனையில் தொடங்கி மேல்முனையில் கத்தரித்தது போல முடிந்தது. ஒரு முழம் தள்ளியிருந்த இலவமரத்தின் அடியில் புழுதி காலைச் சுட்டது. குரங்கணி ஜீப்புகள் சில நாள் நிறுத்திப் பார்த்தன. மறுநாளும் அது அங்கேயே நிற்கும் என்று தெரிந்த பிறகு நிறுத்துவதை விட்டுவிட்டன. பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து கண்ணுக்கே தெரியாத துகளைப் பிடிக்கப்போகிறார்கள் என்று சொன்னபோது உடனே நம்பிவிட்ட ஊர், கண்ணெதிரே நின்ற மூட்டத்தை நம்பக் கொஞ்சம் காலம் எடுத்துக்கொண்டது. யாரோ புகை போடுகிறார்கள் என்றார்கள். சினிமா எடுக்கிறார்கள் என்றார்கள். உள்ளே நடந்துபோய் வேட்டி நனைந்து திரும்பியவர்கள்தான் முதலில் வாயை மூடினார்கள்.

சரிவு பாண்டித்துரையுடையது. பெரிய வீட்டின் இப்போதைய தலைவர். மதுரைக்குப் பஸ்சில் போனாலும் இருக்கையில் முதுகு சாய்க்காதவர். மேலே ஏலத்தோட்டம், நடுவில் காப்பியும் மிளகும், அடியில் இலவமரம் என்று ஐந்து தலைமுறையாகச் சரிவை ஆண்டு வந்த குடும்பம் அது. அடிச்சரிவை மகள் அருணாவின் கல்யாணத்தில் அவளுக்குச் சீராக எழுதிக் கொடுத்தார். அது ஒன்றுதான் அவர் செய்த தவறு என்று சொந்தத்தில் சிலர் சொல்வார்கள். மாப்பிள்ளை ஜெகதீஷ், கார் வடிவமைக்கப் படிக்கிறேன் என்று இத்தாலியில் துரின் நகரத்துக்குப் போனவர். எட்டு வருடம் மனைவியோடு அங்கே இருந்துவிட்டு, காரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் திராட்சைக் குச்சிகளோடு திரும்பி வந்தார். ஈரத்துணியில் சுற்றி, உரிய தாள்களோடு, சட்டைகளுக்கு நடுவில் பிள்ளையைப் படுக்கவைத்தது போல அடுக்கிக் கொண்டுவந்திருந்தார்.

வந்த அன்றே அவர் பேசத் தொடங்கினார். இத்தாலியில் பள்ளத்தாக்குக்கு ஒரு திராட்சை உண்டாம். ஒரு குன்றின் கிழக்குச் சரிவில் பிழிந்ததற்கு ஒரு பெயர், மேற்குச் சரிவில் பிழிந்ததற்கு வேறு பெயர். தொஸ்கானாக்காரன் சாஞ்சோவேசே என்பான், நாப்பொலிக்கு மேலே மலையில் இருப்பவன் அலியானிகோ என்பான், பக்கத்துப் பள்ளத்தாக்கின் பழத்தைக் காடிக்குத்தான் ஆகும் என்று இருவருமே சொல்வார்கள். நூற்றுக்கணக்கான வகை, ஒவ்வொன்றும் அதனதன் மண்ணை விட்டால் ஊமையாகிவிடும். ஒரு திராட்சையில்கூட ஒத்துப்போக முடியாத நாட்டைப் பற்றி இவ்வளவு பெருமையாகப் பேச என்ன இருக்கிறது என்று பாண்டித்துரைக்கு விளங்கவில்லை. ஆனால் பேசுகிறவர் மாப்பிள்ளை. மாப்பிள்ளை பேசினால் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

“கம்பத்துல பன்னீர் திராட்ச கூட கூடயாக் கெடக்கு மாப்ளே. அத விட்டுட்டு இந்தக் குச்சிய எதுக்குச் சொமந்துட்டு வந்தீங்க?” என்று ஒருமுறை கேட்டார்.

“அது திங்கிற பழம் மாமா. இது ஊரச் சொல்ற பழம்.”

“எந்த ஊர?”

“அது பொறந்த ஊர.”

“அப்ப அங்கயே இருந்து சொல்லியிருக்கலாமே.”

குச்சி காய்ந்துபோகும் என்று நம்பித்தான் அவர் பேசாமல் இருந்தார். பல குச்சிகள் காய்ந்தும் போயின. லம்புருஸ்கோ என்று ஒன்று துளிர்க்கவே இல்லை. மூன்று வகை மட்டும் பிழைத்தன. பனி மூடிய வடக்குக் குன்றுகளிலிருந்து வந்த நெபியோலோ, தெற்கே சிசிலித் தீவில் எரிமலைச் சரிவில் விளையும் நெரெல்லோ, லிகூரியாவில் கடலைப் பார்த்த படிக்கட்டு வயல்களின் வெர்மெந்தீனோ. அருணா மூன்றையும் வரிசைக்கு ஒன்றாக நட்டுப் பந்தல் இல்லாமல் கம்பியில் கட்டினாள். மாப்பிள்ளை பேசினார், மகள் வேலை செய்தாள். அந்தக் குடும்பத்தில் பெண்கள் எப்போதுமே அப்படித்தான்.

இரண்டாம் வருடம் கொடிகள் தங்கள் ஊரைச் சொல்லத் தொடங்கின. நெபியோலோவின் மேல் மூட்டம் நின்றதைத் தொடக்கத்திலேயே சொல்லியாகிவிட்டது. அடுத்த வரிசையில், காற்றே இல்லாத நாட்களிலும், கறுப்புச் சாம்பல் மெல்லிசாக விழுந்தது. தோட்டத்துப் பெண்களுக்குத் தலைவியான சுப்புத்தாய் அதை முறத்தில் வாரிப் போய்ப் பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்த்தாள். விளக்கு பளபளவென்று வந்ததும் போடியில் பாதி வீடுகள் சாம்பல் கேட்டு ஆள் அனுப்பின. மூன்றாம் வரிசையில் கடற்காற்று அடித்தது. போடிக்குக் கடல் எந்தப் பக்கமும் கிட்டத்தில் இல்லை. இருந்தும் இலைகளில் உப்புப் பூத்தது, பெண்கள் மாங்காயைப் பத்தை போட்டு இலையில் தடவித் தின்றார்கள், ஆடுகளை விரட்டி மாளவில்லை. ஒருநாள் வெள்ளைப் பறவை ஒன்று வந்து கம்பியில் உட்கார்ந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, ஏமாந்த முகத்தோடு பறந்து போனது. இத்தாலியப் பெயர்கள் யார் வாயிலும் நுழையவில்லை. பனிக்கொடி, சாம்பக்கொடி, உப்புக்கொடி என்று வைத்துக்கொண்டார்கள். மண்ணின் குணம் பழத்தில் இறங்குகிற இதற்கெல்லாம் மாப்பிள்ளை மட்டும் தெர்வார் என்று ஒரு சொல் வைத்திருந்தார். அதற்குத் தமிழில் சொல் இல்லையே என்று வருவோர் போவோரிடம் வருத்தப்பட்டார். அது இத்தாலியச் சொல்லே இல்லை, பிரெஞ்சுக்காரனுடையது என்று அருணா ஒருநாள் சொன்ன பிறகு கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

முதல் அறுவடையைக் கெடுத்தது பாண்டித்துரைதான். கெடுக்க நினைத்துச் செய்ததில்லை. மகளும் மருமகனும் பீப்பாய் பார்க்க மதுரைக்குப் போயிருந்த நாளில் நெபியோலோ பழுத்துவிட்டது. விளைந்தது எதுவானாலும் தரம் பிரிக்காமல் வைப்பது அந்தக் குடும்பத்துக்கு அவமானம். ஏலக்காயில் பெரிய காய்தான் காய். எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்பதற்கு ஒரு விலை, விழுவதற்கு வேறு விலை. ஆகவே திராட்சையைக் காம்பு நீக்கி, கண் பெரிதான ஒரு சல்லடையில் கொட்டச் சொன்னார். பெண்கள் நோகாமல் உருட்டினார்கள். தடித்த பழங்களை மூங்கில் கூடையில் வாழையிலை விரித்து அடுக்கினார்கள். பொடிப்பழங்களைக் காப்பித்தொலிக் குழியில் கொட்டினார்கள். அருணா வந்து பார்த்தாள். சிரிக்கத் தொடங்கி, நிற்க முடியாமல் அப்படியே கூடையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையும் உட்கார்ந்தார், ஆனால் சிரிக்கவில்லை. ஒயினுக்கு வேண்டியது தோலாம். பொடிப்பழத்தில் தோல் அதிகம், பெரிய பழத்தில் தண்ணீர் அதிகம். அந்த வருடத்து ஒயின் டம்ளரைக் கழுவிய தண்ணீர் போல இருந்தது என்று குடித்தவர்கள் சொன்னார்கள். பெரியதை விட்டுச் சின்னதை விரும்புகிற தொழிலை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று பாண்டித்துரை கேட்டார்.

அடுத்த வருடங்களில் சல்லடை ஓரமாகத் தொங்கியது. அரசாங்கத்திடம் அலைந்து திரிந்து அனுமதி வாங்கினார்கள். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு அடியில், கல் கட்டிய குளிர்ந்த அறையில், பீப்பாய்களை உருட்டி வைத்தார்கள். அங்கேதான் வினை தொடங்கியது. சரிவு மகளுடையது. ஆனால் ஸ்டோர் பெரிய வீட்டினுடையது. பெரிய வீட்டுக் கூரையின் கீழே சரக்கு ஊறுகிறது என்ற செய்தி காசிராஜனின் காதுக்குப் போனது.

காசிராஜன் பாண்டித்துரைக்குப் பங்காளி, ஒரே கொள்ளுத்தாத்தாவின் வேறு கிளை. மலையடிவாரத்துப் பேச்சியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலில் முதல் மரியாதை இந்த இரண்டு கிளைகளில் ஒன்றுக்குத்தான். அம்மன் பாதத்தில் வைத்த பட்டுத்துணியைப் பூசாரி எடுத்து வந்து ஒருவர் தலையில் பரிவட்டமாகக் கட்டுவார். அது கட்டிய தலைக்கு முன்னால் அந்தக் கோயிலைக் கும்பிடுகிற ஏழு ஊரும் எழுந்து நிற்கும். ஒரு காலத்தில் அது மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. காசிராஜனின் தாத்தா கொட்டகுடி ஓடைக்கு மேலே காட்டுக்குள் சாராயம் காய்ச்சினார். அதைக் கண்டுபிடித்த பாண்டித்துரையின் தாத்தா, சாராயம் காய்ச்சுகிற வீட்டுக்குப் பரிவட்டம் கிடையாது என்று கோயில் மண்டபத்தில் வைத்துச் சட்டம் போட்டார். அன்று போனது அந்தக் கிளைக்குத் திரும்பவே இல்லை. காய்ச்சுவதை நிறுத்திய பிறகும் திரும்பவில்லை. மூன்று தலைமுறையாக அந்த வீட்டு ஆண்கள் பங்குனிக்கு வந்து, இரண்டாம் வரிசையில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுப் போனார்கள். காசிராஜன் பார்த்த பார்வையில் பக்தி எவ்வளவு இருந்தது என்பதை அம்மன்தான் அறிவாள்.

பீப்பாய் வைத்து மூன்று வருடம் ஆன தைமாதம் அவர் கோயில் பெரியவர்களிடம் முறையிட்டார். இது தெரிந்ததும் அருணா அப்பாவிடம் போனாள்.

“சட்டம் நம்ம வீட்டுதுதானப்பா. ஒங்க தாத்தா காலத்துச் சாராயம் வேற, இது வேறன்னு நீங்களே சொல்லி மாத்தலாம்ல.”

“நம்ம வீட்டுச் சட்டத்த நம்ம தோதுக்கு மாத்துனா, அடுத்தவன் வீட்டுல அது எப்படி நிக்கும்?”

“அப்ப கொடியப் புடுங்கிறவா?”

“அது ஓன் நெலம் ஆத்தா. குடுத்தத நான் திரும்பக் கேக்க மாட்டேன்.”

ஆக, சட்டத்தையும் மாற்ற மாட்டார், கொடியையும் பிடுங்கச் சொல்ல மாட்டார். பரிவட்டத்தை விடவும் மனமில்லை. அப்பாவின் தலையில் அது ஏறியதைப் பார்த்து வளர்ந்தவர். தன் தலையில் ஏறிய முதல் பங்குனியில் அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அது இல்லாத பங்குனியை அவர் நினைத்துப் பார்த்ததே கிடையாது. அந்த மாதம் முழுவதும் அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்து எழுந்தார் என்று சுப்புத்தாய் சொல்லுவாள். முதுகு மட்டும் வளையவில்லை.

கோயில் மண்டபத்தில் பெரியவர்கள் கூடினார்கள். தலைமை பால்சாமி. அவரும், முத்துப்பாண்டியும், காமராஜும், மற்றவர்களும் ஏலக்காய் வியாபாரிகள். ஏலக்காயை ஏலம் விடுகிற போடி ஏல மையத்தில் பிறந்து அங்கேயே நரைத்தவர்கள். வழக்கை விசாரிக்கும் முறை ஒன்றுதான் அவர்களுக்குத் தெரியும். “சாம்பிள் கொண்டாங்கப்பா” என்றார் பால்சாமி.

மாப்பிள்ளை நெபியோலோவைக் கொண்டுவந்தார். மூன்று வருடம் பீப்பாயில் கிடந்தது. கூடவே நீளத் தண்டு வைத்த கண்ணாடிக் கோப்பைகளையும் கொண்டுவந்தார். பால்சாமி ஒன்றை வாங்கித் திருப்பிப் பார்த்து, “இதுல பிடிக்க எடமே இல்லயே” என்று ஒதுக்கிவிட்டு, வெள்ளைப் பீங்கான் சாசரில் ஊற்றச் சொன்னார். ஏலக்காயையும் அப்படித்தான் வெள்ளைத் தட்டில் பரப்பி நிறம் பார்ப்பார்கள். சாசரில் அது மங்கலாக, பழைய ஓட்டின் நிறத்தில் கிடந்தது. பெரியவர்கள் குனிந்து மோந்தார்கள். வாயில் விட்டு, நாக்கில் உருட்டி, தலையைத் திருப்பித் தரையில் துப்பினார்கள். சாசரில் மிச்சமிருந்ததையும் ஏல மையத்தில் சாம்பிள் காயை விசிறுவது போலத் தரையிலேயே விசிறினார்கள். துரினில் துப்பக் கற்றுக்கொள்ளத் தனக்கு ஆறு மாதம் ஆனதை நினைத்து மாப்பிள்ளை வாயைப் பிளந்து நின்றார். புதிதாகத் தார் போட்ட சாலையில் ரோஜா மாலை ஒன்று விழுந்து கிடந்தால் என்ன வாடை வருமோ அது மண்டபத்தில் எழும்பியது.

இங்கே வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். போடியில், தான் வாங்க நினைக்கிற சரக்கை எந்த வியாபாரியும் நல்லது என்று சொல்லமாட்டான். காய் எவ்வளவு உயர்வோ முகம் அவ்வளவு கசக்கும். சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்துதான் முதல்தரக் காயை எடுப்பான். நாற்பது ஐம்பது வருடம் இப்படி வைத்த முகம் வேறு இடத்தில் வேறு மாதிரி மாறாது. கோயில் மண்டபத்திலும் மாறவில்லை.

“சப்புன்னு இருக்கு” என்றார் பால்சாமி.

“புளிச்ச சாறு. நாக்கு மரத்துப் போச்சு. இன்னொரு வாய் ஊத்துங்க, சரியாப் பாப்போம்” என்றார் முத்துப்பாண்டி.

“ஆட்டுக்கு ஊத்தலாம்ணே” என்றார் காமராஜ். “ஆடு கோவிச்சுக்கிரும்.” அவரும் இன்னொரு வாய் கேட்டார்.

காசிராஜனுக்கு வியர்த்தது. இது சாராயம் என்று நிரூபித்தால்தான் பரிவட்டம். சாராயம் என்று நிரூபிக்க, இதைப் புகழ்ந்தாக வேண்டும். மூன்று தலைமுறை வெறுத்த வீட்டின் சரக்கைப் புகழ வேண்டிய நிலைமை பங்காளிக்கு வந்தது. சாசரை வாங்கிக் குடித்துவிட்டு, “அய்யா, நான் இதுல பொறந்து வளந்தவன், எங்களுக்குத் தெரியாததா? இது ஒசந்த சரக்கு. எறங்குறப்பவே நெஞ்சுல பட்டு விரிச்ச மாதிரி எறங்குது” என்றார். ஏல மையத்தில் சரக்கை வாய்விட்டுப் புகழ்கிறவன் விற்கிறவனின் ஆளாகத்தான் இருப்பான். பால்சாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “ஏன் காசிராசு, நீ பாண்டிக்கு ஏசண்டா?” என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. காசிராஜன் இன்னும் புகழ்ந்தார். புகழப் புகழ அவர் பேச்சை யாரும் நம்பவில்லை.

கடைசியில் பால்சாமி தொண்டையைச் செருமினார். “இது சாராயமில்ல. கெட்டுப்போன பழச்சாறு. கழிவு. இதக் காய்ச்சுனதா சொல்லி ஒரு வீட்டு மரியாதயப் பறிக்க முடியாது. பரிவட்டம் பெரிய வீட்டுக்கே.” தீர்ப்பைப் பங்குனிக் கொடியேற்றத்தில் மைக்கில் வாசித்துவிடுவது என்றும் முடிவானது. முத்துப்பாண்டி எழுந்து, மாப்பிள்ளையின் பக்கத்தில் போய், தாழ்ந்த குரலில், “எத்தன பீப்பா இருக்கு தம்பி? கழிவு வெலைக்கு நானே எடுத்துக்கிறேன், வெளிய சொல்லாதீங்க” என்றார். அவருடைய தாழ்ந்த குரல் மண்டபத்தின் கடைசித் தூண் வரைக்கும் கேட்கும்.

பாண்டித்துரைக்கும் கேட்டது. அந்த முகங்களை அவருக்குத் தெரியாதா. நாற்பது வருடம் அந்த முகங்களுக்குக் காய் விற்றவர். இவர்கள் சொன்னது பொய் என்பது அவருக்குப் பால்சாமி முதல் வாய் உருட்டியபோதே தெரிந்துவிட்டது. பேசாமல் இருந்தால் பங்குனியில் பட்டுத்துணி தலையில் ஏறும். ஆனால் அதே பங்குனியில், அதே மைக்கில், பெரிய வீட்டுச் சரிவில் விளைந்தது கழிவு என்று ஏழு ஊருக்கும் வாசிப்பார்கள். அவர் அப்பா காலத்தில் ஒருமுறை இப்படித்தான் வியாபாரிகள் கூடிப் பேசி வைத்துக்கொண்டு நல்ல காயைக் கழிவு என்றார்கள். விலை பிடிக்காவிட்டால் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோட்டக்காரனுக்கு உரிமை உண்டு. அப்பா மூட்டைகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அந்த வருடம் வீட்டில் தீபாவளிக்குப் புதுத்துணி எடுக்கவில்லை.

பாண்டித்துரை எழுந்தார். “சரக்க எடுத்துக்கிறேன்” என்றார்.

“என்னப்பா பாண்டி, தீர்ப்பு ஒனக்குச் சாதகமாத்தான வந்திருக்கு” என்றார் பால்சாமி.

“தீர்ப்ப நீங்க வச்சுக்கங்க. சரக்க நான் எடுத்துக்கிறேன்.”

மாப்பிள்ளையின் கையிலிருந்த புட்டியை வாங்கிச் சாசரில் ஊற்றினார். பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு தொட்டதில்லை. நின்றபடி குடித்தார், துப்பவில்லை. அருணா மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் காது மடல் சிவந்ததை அன்றுதான் முதல்முறை பார்த்ததாகப் பிறகு சொன்னாள்.

“துவர்க்குது. நாக்க அரத்துல தேச்ச மாதிரி இருக்கு. எனக்குப் பிடிக்கல” என்றார். “ஆனா கழிவு இல்ல. இது சாராயந்தான். எங்க வீட்டுச் சரிவுல வெளஞ்சது, எங்க வீட்டுக் கூரைக்குக் கீழ ஊறுனது, முதல் தரம். சட்டம் எங்க தாத்தா போட்டது. காசிராசு, பரிவட்டம் ஒனக்கு.”

காசிராஜன் கையெடுத்துக் கும்பிட வேண்டுமா, வேண்டாமா என்று தெரியாமல் பாதியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பெரியவர்கள் சாசர்களைப் பார்த்தார்கள். பாண்டித்துரை செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்து போனார். வீட்டுக்குப் போகிற வழியில் சரிவைக் கடந்தபோது மூட்டம் வரிசையை விட்டு எழுந்து சாலைக்கு வந்து, அவருக்கு இரண்டு எட்டு பின்னால், வீடு வரை நடந்து வந்தது. வாசலில் நின்றது. காலையில் அவர் எழுந்து வெளியே வந்தபோதும் நின்றது.

அதன் பிறகு அவர் போகிற இடத்துக்கெல்லாம் அது போனது. நெபியோலோ வரிசைக்கு அது தேவைப்படுகிற அறுவடைக் காலத்தில் மட்டும் தானே போய் நின்றுவிட்டு, வேலை முடிந்ததும் அவரிடம் வந்துவிடும். அவருக்கு இதில் ஒரு மகிழ்ச்சியும் இல்லை. முழங்கால் வலி வந்தது. கடைவீதியில் அவர் நடந்தால் பைக்குக்காரர்கள் பகலிலேயே விளக்கைப் போட்டார்கள். பஸ்சில் கண்டக்டர் இரண்டு டிக்கெட்டா என்று கேட்டுவிட்டு, அவர் பார்த்த பார்வையில் ஒன்றைக் கிழித்தார். ஏல மையத்தில் காய் ஈரம் வாங்குகிறது என்று வியாபாரிகள் முணுமுணுத்தார்கள். ஜன்னலோரம் நிற்கச் சொன்னார்கள். சொன்ன மறுநாளே முத்துப்பாண்டி வீட்டுக்கு வந்து, முகத்தைக் கசக்கி வைத்துக்கொண்டு, பீப்பாய்களை முதல்தர விலைக்கு எடுத்துப் போனார். காமராஜ் கடைசி பீப்பாய்க்கு வந்து கிடைக்காமல் திரும்பினார். மாப்பிள்ளை அடுத்து எந்த இத்தாலிய மாவட்டத்தின் எந்தக் கொடி என்று பேச ஆரம்பித்தார். நிலநடுக்கம் உள்ள ஊராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் மாமனார் கேட்டுக்கொண்டார்.

பங்குனி வந்தது. காசிராஜன் உத்தமபாளையத்துச் சம்பந்திகளுக்குச் சொல்லியனுப்பினார். போட்டோ எடுக்கத் தேனியிலிருந்து ஆள் பிடித்தார். கரை வைத்த பட்டுவேட்டி கட்டி, மூன்று தலைமுறையின் தலையையும் ஒரே தலையில் தூக்கிக்கொண்டு அம்மன் முன்னால் நின்றார். பாண்டித்துரையும் வந்தார். வராமல் இருந்தால் மனம் ஒடிந்துபோனார் என்பார்கள். கடைசி வரிசையில், தோட்டத்து வேலையாட்களோடு, நிமிர்ந்து நின்றார். அவர் வந்தால் மூட்டம் வராமல் இருக்குமா. அது கூட்டத்துக்குள் நுழைந்து, மண்டபம் ஏறி, கர்ப்பகிருகத்துப் படி வரைக்கும் பரவி, ஆளுயரத்துக்கு எழும்பி நின்றது. பூசாரி பட்டுத்துணியோடு வெளியே வந்தவர் தன் கையையே தேடினார். முதலில் உண்டியலுக்கும், அடுத்து மேளக்காரருக்கும் கட்டப் பார்த்து, மூன்றாவதாகக் கையில் பட்ட தலையில் முடிச்சுப் போட்டார். அது தன்னுடைய தலைதான் என்று காசிராஜன் சொல்கிறார். போட்டோக்காரர் கொடுத்த படங்கள் அத்தனையும் வெள்ளையாக இருந்தன. அவற்றில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சட்டம் போட்டுக் காசிராஜன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். சம்பந்திகள் வந்தால் எழுந்து நின்று அதைப் பார்க்கிறார்கள்.

மூட்டம் பாண்டித்துரையின் பின்னால் கிளம்பிப் போய், எல்லோரும் வீடு திரும்பிய பிறகு காசிராஜன் பெரிய வீட்டுக்கு வந்தார்.

“அண்ணே, அடுத்த வருசம் நீங்க வீட்டுல இருந்தே கும்பிட்டுக்கிட்டா என்னண்ணே. அம்மன் எங்க இருந்து கும்பிட்டாலும் கேப்பா.”

“அப்ப நீயும் ஓன் வீட்டுலயே பரிவட்டத்தக் கட்டிக்கயேன்” என்றார் பாண்டித்துரை. காப்பி கொடுத்து அனுப்பினார். பங்காளிக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்பியதாக அந்த வீட்டின் மேல் ஒரு பேச்சு வரக்கூடாது.

மறு வருடமும் அவர் போனார், மூட்டமும் போனது. அதற்கு மறு வருடமும் போனது. மூட்டம் வருகிற திசையைப் பார்த்துத்தான் இப்போது ஏழு ஊரும் எழுந்து நிற்கிறது. யாருக்காக நிற்கிறோம் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. இந்த வருடம் கோயிலில், பனியில் வழி தெரிய மலைச்சாலை ஜீப்புகளில் முன்னால் பூட்டுகிற மஞ்சள் விளக்கு இரண்டு வாங்கிச் சந்நிதியின் இரு பக்கமும் மாட்டியிருக்கிறார்கள். செலவு முழுவதும் காசிராஜனுடையது. இரண்டு விளக்கின் கண்ணாடியிலும் ‘உபயம்: காசிராஜன்’ என்று சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருக்கிறது. எழுத்து போக மிச்சமிருக்கிற இடத்தில் வெளிச்சம் வருகிறது. பூசாரிக்கு அது போதுமானதாக இருக்கிறதாம்.